அலுவலக வழங்கியைக் காப்பது எமது மக்களைக் காப்பதாகும்

(மொன்றியல், கர்க்லாண்டில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் ஒன்றுகூடிய நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த மண்ணில் நாம் கட்டியெழுப்பிய அமைப்புகள் பெரும்பாலும் சிறியவை. ஓர் அறை, நான்கைந்து கணினிகள், மூலையில் ஒரு வழங்கி. சேவர் என்று நாம் சொல்லும் அந்த இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அகதிக் கோரிக்கைக்காக எம்மவர் அளித்த வாக்குமூலங்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்கள், தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் முகவரிகள், தாயகத்தில் உதவி பெறும் குடும்பங்களின் பெயர்களும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் அதில் இருக்கக்கூடும். இவை பிறர் கையில் சிக்கினால், கனடாவில் இருக்கும் எமக்கு வருவது சங்கடம். ஊரில் இருக்கும் உறவுக்கு வருவது ஆபத்து.

இது வீண் அச்சம் அன்று. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் ஆய்வாளர்களும் ஒட்டாவாவின் செக்டெவ் குழுவினரும் 'கோஸ்ட்நெற்' என்னும் இணைய உளவு வலையமைப்புப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். 103 நாடுகளில் 1,295 கணினிகள் அதில் சிக்கியிருந்தன. தர்மசாலாவில் தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளும், நாட்டை இழந்து வாழும் திபெத்தியரின் அமைப்புகள் சிலவற்றின் கணினிகளும் அவற்றுள் அடங்கும். உள்ளே நுழைந்த வழி மிக எளியது. தெரிந்தவர் அனுப்பியது போன்ற மின்னஞ்சல், அதனுடன் இணைக்கப்பட்ட ஓர் ஆவணம். அதைத் திறந்தவுடன் கோப்புகளைக் களவாடவும் ஒலிவாங்கியையும் கமராவையும் இயக்கவும் வல்ல நச்சுநிரல் குடியேறிவிட்டது.

அவ்வறிக்கையில் பதிவான ஒரு நிகழ்வு என் நெஞ்சை விட்டு அகலவில்லை. இணையவழித் தொடர்புப் பணியில் ஈடுபட்டிருந்த திபெத்தியப் பெண்ணொருவர் தம் ஊருக்குத் திரும்பும் வழியில் எல்லையில் தடுத்து வைக்கப்பட்டார். தமது பணி பற்றி அவர் மறுத்தபோது, அவருடைய இணைய உரையாடல்களின் பதிவுகளையே அதிகாரிகள் அவர் முன் எடுத்து வைத்தனர். எமது நிலைக்கு இதனைவிட நெருங்கிய உவமை வேண்டுமா?

அடுத்து இலங்கையை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசின் மின்னஞ்சல் கட்டமைப்பைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அதற்குத் தப்பவில்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. காரணங்கள் இரண்டு. அங்கு இயங்கிய எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் மென்பொருளுக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் நாளுடன் ஆதரவை நிறுத்தியிருந்தது. அக்காலப் பகுதிக்குரிய காப்புப்பிரதி வலையமைப்புக்கு வெளியே இருக்கவில்லை. நிதியும் ஆளணியும் உடைய ஓர் அரசுக்கே இந்நிலை எனின், "தம்பி பார்த்துக்கொள்வார்" என்று ஒரு மாணவரிடம் வழங்கியை ஒப்படைத்துவிட்டு இருக்கும் நாம் எம்மாத்திரம்?

இவ்விரு நிகழ்வுகளிலும் நான் காணும் பாடம் ஒன்றே. எதிரியின் திறமை பெரிதாக இருக்கலாம். ஆயினும் கதவு திறந்து கிடந்தது எவரும் நாள்தோறும் பார்க்காததால்தான். ஆகவே பராமரிப்பை ஒருவரின் ஆர்வத்திலிருந்து எடுத்து, அமைப்பின் கடமையாக்க வேண்டும். அதற்கு ஐந்து பணிகளைக் கூறுகின்றேன்.

முதலாவது, பட்டியல். வழங்கியில் எந்த இயங்குதளம், எந்த மென்பொருள்கள், எந்தப் பதிப்பு, எவற்றுக்கு எந்நாளில் ஆதரவு முடிகிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, வின்டோஸ் சேவர் 2012 பதிப்புக்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2023 ஒக்ரோபர் 10ஆம் நாள் முடிந்துவிட்டது. பயன்படாத மென்பொருளை நீக்கிவிடுங்கள். இல்லாத கதவை எவரும் உடைக்க முடியாது.

இரண்டாவது, இற்றைப்படுத்தல். 2017 மே 12இல் வன்னாகிறை நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. 59 நாட்கள் இருந்தும் பலர் அதை நிறுவவில்லை. மாதத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். முதலில் காப்புப்பிரதி, பின்னர் திருத்தம், அதன்பின் எல்லாம் இயங்குகின்றனவா என்ற சோதனை என்பதே முறை. அவசரத் திருத்தங்கள் வரும்போது அந்த மாலைக்காகக் காத்திருக்கலாகாது.

மூன்றாவது, நுழைவுரிமை. ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு; வேலைக்குத் தேவையான கோப்புகள் மட்டும்; நிர்வாகிக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு. விலகிச் செல்லும் தொண்டரின் கணக்கை அன்றே மூடுங்கள். அது அவர்மீது கொண்ட ஐயம் அன்று, அவருக்கும் அது பாதுகாப்பே. எமது கியூபெக்கின் டெஜார்டன் நிதி நிறுவனத்தில் 2019இல் வெளிவந்த தகவல் கசிவு ஏறத்தாழ 97 இலட்சம் பேரைப் பாதித்தது. அதைச் செய்தவர் வெளியாள் அல்லர், உள்ளே பணிபுரிந்த ஒருவரே. வீட்டிலிருந்து வழங்கியை இயக்க வேண்டுமாயின் வி.பி.என். வழியாக மட்டும் இயக்குங்கள். ரிமோட் டெஸ்க்ரொப் வாயிலை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். விருந்தினரும் மாணவரும் பயன்படுத்தும் வைஃபை, அலுவலக வலையமைப்பிலிருந்து முற்றாகப் பிரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, காப்புப்பிரதி. இதனை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1981 யூன் முதலாம் நாளின் இரவு நெருப்பில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. ஆகவே மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்பதை விதியாகக் கொள்ளுங்கள். குறைந்தது ஒரு வன்தட்டாவது படியெடுத்த பின் கழற்றி வைக்கப்பட வேண்டும்; இணைந்திருக்கும் தட்டை நச்சுநிரல் பூட்டிவிடும். வெளியே செல்லும் தட்டை மறையாக்கம் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு கோப்பையேனும் மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதி வெறும் நம்பிக்கையே.

ஐந்தாவது, மின்சாரமும் பதிவேடும். 1998 சனவரிப் பனிமழையை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். 2023 ஏப்ரல் 5ஆம் நாளும் உறைமழையால் கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. வழங்கி திடீரென நின்றால் தரவுத்தளம் சிதையலாம். யு.பி.எஸ். ஒன்று இருந்தால் அது ஒழுங்காக அணையும். யார், எந்நாள், என்ன செய்தார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

சட்டமும் எம்மிடம் இதனையே கேட்கிறது. கியூபெக்கின் 25ஆம் இலக்கச் சட்டம் 2022 செப்ரெம்பர் 22 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தகவல்களுக்குப் பொறுப்பான ஒருவர் இருத்தல் வேண்டும். கடுந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு நேர்ந்தால் தகவல் அணுகல் ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் அறிவித்தல் வேண்டும். இலாப நோக்கற்றது என்பதால் மட்டும் ஓர் அமைப்பு இச்சட்டத்திலிருந்து விலகிவிட முடியாது.

பெற்றோர்களே, இது கணினி அறிந்தவரின் வேலை என்று ஒதுங்காதீர்கள். நிர்வாகக் கூட்டம்தோறும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடைசியாகத் திருத்தம் நிறுவியது எப்போது? கடைசிக் காப்புப்பிரதி எங்கே? அதை மீட்டுப் பார்த்தீர்களா? நிர்வாகிக் கடவுச்சொல் எத்தனை பேரிடம் உள்ளது? கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் உங்களுக்கு இது கடினமன்று.

இளையோரே, இப்பணியைத் தனியொருவராகச் சுமக்காதீர்கள். இருவராக ஏற்று, மூன்றாமவருக்குக் கற்பியுங்கள். நீங்கள் பல்கலைக்கழகத்துக்கோ வேறு நகருக்கோ செல்லும் நாளில், உங்கள் கொப்பியை வாசித்து இன்னொருவர் அன்றே பணியைத் தொடரக்கூடியதாக இருக்க வேண்டும். மேடையில் உரிமை பற்றிப் பேசுவது போலவே, எம்மை நம்பித் தம் பெயரைத் தந்தவரின் பெயரைக் காப்பதும் இனத்துக்குச் செய்யும் தொண்டுதான்.