பார்வையாளர் இல்லாத ஆடுகளம்

விளையாட்டு என்றதும் ஆடுகின்ற வீரரை நினைக்கிறோம். சுற்றிலும் அமர்ந்து ஆரவாரம் செய்யும் கூட்டத்தையும் உடன் நினைக்கிறோம். அந்தக் கூட்டம் இல்லாது போனால் விளையாட்டு என்னவாகும்? கொரோனாப் பெருந்தொற்று இக்கேள்வியை உலகத்தின் முன் வைத்தது.

2021ஆம் ஆண்டு மார்ச் 23, 26, 28 ஆகிய நாட்களில், புணே நகருக்கு அருகிலுள்ள கஹுஞ்சே அரங்கில் இந்தியாவும் இங்கிலாந்தும் மூன்று ஒருநாள் கிரிக்கெட் பந்தயங்களை ஆடின. நோய் மிகுந்திருந்தமையால் பார்வையாளர் அனுமதிக்கப்படவில்லை. எனினும் பந்தயங்கள் தடையின்றி நடந்தேறின. வீட்டிலிருந்தே கோடிக் கணக்கானோர் தொலைக்காட்சியில் கண்டனர். ஒளிபரப்பு உரிமைப் பணம் கிரிக்கெட்டைத் தாங்கிற்று.

கல்லூரி விளையாட்டின் நிலையோ வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரிய பல்கலைக் கழகங்களின் கால்பந்து, கூடைப்பந்துப் பந்தயங்களுக்குத் திரளும் கூட்டமும், அவற்றின் ஒளிபரப்பும் ஈட்டும் பணத்திலேயே நீச்சல், மல்யுத்தம் போன்ற பிற ஆட்டங்களும் பிழைக்கின்றன. 2020 மார்ச்சில் அந்நாட்டுக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டித் தொடர் கைவிடப்பட்டது. ஏறத்தாழ 60 கோடி டாலர் பகிர்ந்தளிக்கப்படும் என்று எதிர்பார்த்திருந்த கல்லூரிகளுக்கு 22.5 கோடி டாலரே கிடைத்தது. அவ்வாண்டு ஜூலையில், செல்வச் செழிப்புள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகமே தன் 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்தப் போவதாக அறிவித்தது. மாணவரும் பழைய மாணவரும் போராடிய பின்னர், 2021 மே மாதத்தில் அம்முடிவு கைவிடப்பட்டது.

நம் நாட்டுக் கல்லூரிகளுக்கு இத்தகைய நஷ்டம் வரவில்லை. காரணம், இழப்பதற்கு நுழைவுச் சீட்டு வருமானமே நம்மிடம் இருந்ததில்லை! மாணவர் செலுத்தும் சிறு கட்டணமும் அரசின் மானியமுமே இங்கு ஆடுகளத்தின் ஜீவன். கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, பயன்படுத்தாத மைதானத்துக்குக் கட்டணம் எதற்கு என்று பெற்றோர் கேட்டதில் நியாயம் உண்டு. அரசின் கையும் இறுகிற்று. ‘கேலோ இந்தியா’ திட்டத்திற்கு 2020-21ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 890.42 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டில் அது 657.71 கோடியாகக் குறைந்தது. நோயாளிக்குப் படுக்கை தேடிய காலத்தில் இதைக் குறைகூற இயலாது. 2022-23இல் ஒதுக்கீடு 974 கோடியாக உயரவும் செய்தது.

பணம் குறையும், பின்னர் கூடும். ஆனால் மாணவனின் வயது அவ்வாறு திரும்பி வருமா?

2020 பிப்ரவரி, மார்ச்சில் புவனேஸ்வரத்தில் நடந்த முதலாவது கேலோ இந்தியா பல்கலைக் கழக விளையாட்டு விழாவில், சாவித்ரிபாய் ஃபுலே புணே பல்கலைக் கழகம் இரண்டாம் இடம் பெற்றது. அடுத்த விழா பெங்களூரில் 2022ஆம் ஆண்டில்தான் நடந்தது. மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் இந்த இடைவெளி எத்துணை பெரிது!

இதில் வெற்றி தோல்வியினும் பெரிதொன்று அடங்கியிருக்கிறது. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில், விளையாட்டுத் தகுதி உடையோரை நேரடியாக நியமிக்க இடம் உண்டு. பல்கலைக் கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தம் பல்கலைக் கழகத்தின் சார்பில் ஆடியவரும் அதற்குத் தகுதியுடையவரே. போட்டி நடந்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பம். போட்டி நடவாத ஓராண்டு, எளிய குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு அடைபட்ட ஒரு வாயில் ஆகும். கணக்கு ஏடுகளில் இந்த நஷ்டம் எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை.

நான் வாழும் லோஹேகாவில் விமானப்படைத் தளமும் புணே விமான நிலையமும் உள்ளன. 2021 ஜனவரி 12ஆம் நாள், புணேயில் தயாரான தடுப்பூசி மருந்து இங்கிருந்தே சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு விமானங்களில் புறப்பட்டது. அம்மருந்து ஊரைத் திறந்தது, அரங்குகளையும் திறந்தது. ஆனால் கல்லூரி மைதானங்களில் இருக்கைகள் நிரம்பவில்லை. பெருந்தொற்றுக்கு முன்னரும் அவை காலியாகத்தானே இருந்தன! ஸ்டான்ஃபோர்டில் முடிவை எதிர்த்து எழுந்தது மாணவர், பழைய மாணவர் குரல். எவரும் பாராத ஆட்டத்தின் செலவைக் குறைத்தால் கேட்பார் யார்?

பிற மாநிலங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையின் மதிப்பெண்ணை வினவாத தந்தை இல்லை; அவன் ஓடுவதைச் சென்று பார்த்தவர் சிலரே. பிழைக்க வந்த ஊரில் படிப்பே துணை என்ற எண்ணம் இயல்பானது. எனினும் வேற்று மொழி பேசும் பிள்ளைகளோடு நம் பிள்ளை தோளோடு தோள் சேரும் முதல் இடம் ஆடுகளமே. அங்கே இலக்கணப் பிழை பார்ப்பார் இல்லை.

ஆகவே, நேயர்களே, உங்கள் பிள்ளையின் கல்லூரியில் அடுத்த போட்டி எந்நாள் என்று கேளுங்கள். விளையாட்டுக் கட்டணம் எவ்வாறு செலவாகிறது என்பதையும் மரியாதையுடன் வினவுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தின் ஓரத்தில் போய் நில்லுங்கள். அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. நாலு பேர் பார்க்கிற மைதானத்தைப் பூட்டுவது எவருக்கும் எளிதன்று.