ஓய்ந்த கைகளுக்கு ஒரு தொழில்

(இரத்தினபுரியில் நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டத்துத் தமிழிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குச் செக்றோலிலே விழுவது ஒரு பேர். பாதி வேலைக்கு அரைப்பேர். பலாங்கொடை, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலும், எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து றப்பர்க் காடுகளிலும் நம் முன்னோர் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்றது இந்தப் பேருக்காகவே. ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்தவரும் பால் வெட்டியவரும் ஒரு நாள் அந்தப் பதிவிலிருந்து நீங்குகிறார்கள். சேமலாப நிதியும் பணிக்கொடையும் கைக்கு வருகின்றன. பிள்ளையின் கலியாணத்திலோ பழைய கடனிலோ அவை கரைந்துபோவதும் உண்டு. அதன் பின்னர் லயத்து இஸ்தோப்பிலே ஒரு மூலைதான் அவருக்கு இடம். “அப்பாயி என்ன செய்கிறார்?” என்று யாரேனும் கேட்டால், “சும்மா இருக்கிறார்” என்று விடை சொல்கிறோம்.

ஞானியர் போற்றிய சும்மா இருத்தல் வேறு. நாம் ஒருவரைச் சும்மா இருத்திவைத்தல் வேறு. முன்னது முயன்று பெற்ற நிலை. பின்னது பிறர் விதித்த தண்டனை. முதுமையினாலோ ஊனத்தினாலோ ஒதுங்கியிருப்போர்க்கு உணவும் உடையும் மருந்தும் கொடுப்பது நம் கடமை. ஆயினும் அவ்வளவிலே கடமை தீர்ந்ததென்று எண்ணுவது குறையுடைய எண்ணம். அவர்தம் கைக்கு ஏற்ற ஒரு தொழிலும் வேண்டும் என்பதே இன்று யாம் சொல்ல வந்தது.

இது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று கருத வேண்டா. பெரியபுராணத்திலே தண்டியடிகள் நாயனாரைக் காண்கிறோம். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர் அவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து கிடப்பதை அறிந்து, அதனைத் தாமே தோண்ட முற்பட்டார். குளத்தின் உள்ளே ஒரு தறி. கரையிலே ஒரு தறி. இரண்டுக்கும் இடையே ஒரு கயிறு. அந்தக் கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டி, தடவி வந்து கரையிலே கொட்டினார். அவர் கண் பெற்ற அற்புதத்தையே நாம் பெரிதும் பேசுகிறோம். அந்தக் கயிற்றைப் பற்றியும் சிறிது சிந்திக்க வேண்டும். வேலையை மனிதனுக்கு ஏற்றவாறு அமைத்துக் கொடுத்தால் ஊனம் தடையாகாது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

இக்கருத்தே இருபதாம் நூற்றாண்டில் ஒரு மருத்துவத் துறையாக வளர்ந்தது. அமெரிக்காவிலே ஜோர்ஜ் பார்ட்டன் என்னும் கட்டடக் கலைஞர் காசநோயால் வாடினார். பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். உடம்பின் இடப்பக்கமும் செயலற்றுப் போயிற்று. தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். 1914இல் நியூயோர்க் மாநிலத்துக் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிலே ஓர் ஆறுதல் இல்லம் அமைத்தார். 1917 மார்ச்சில் டண்டன் முதலிய அன்பர்கள் அவருடன் அங்குக் கூடி ஒரு சங்கம் நிறுவினர். இன்று தொழிற்சிகிச்சை என வழங்கும் துறைக்கு அது ஒரு தொடக்கம்.

நம் மொழி வழங்கும் நாட்டிலே நடந்த ஒன்றையும் சொல்கிறோம். கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த டொக்டர் போல் பிராண்ட், மருத்துவம் கற்பதற்கு முன்பு தச்சும் கட்டட வேலையும் பயின்றவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையினால் நிமிர்த்தினார். மகிழ்ந்து சென்றவர்களிலே சிலர் வருந்தித் திரும்பினர். கை திருந்தியதால் பிச்சை இடுவோர் குறைந்தனர். தொழுநோயாளி என்பதால் வேலை கொடுப்போரும் இல்லை! கையைக் கொடுத்த மருத்துவர் அந்தக் கைக்கு வேலையையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1950களில் வேலூரிலே நவஜீவ நிலையம் இயங்கியது. அங்கு மரவேலை பழகி விளையாட்டுப் பொம்மைகள் செய்தனர். உணர்ச்சியற்ற கை காயப்படுவதை அறியாது. ஆகவே எந்தக் கருவி எவ்விடத்தில் உறுத்துகிறதென்று நாடோறும் பார்த்து, கைப்பிடிகளை மாற்றி அமைத்தனர். தண்டியடிகளின் கயிறு மீண்டும் ஒருமுறை கட்டப்பட்டது எனலாம்.

இவற்றிலிருந்து மூன்று விதிகளை யாம் உணர்கிறோம். முதலாவது, தொழில் அவர் விரும்பியதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, அவர் கைக்கு அமைந்ததாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, செய்த பொருள் ஒருவருக்கு உண்மையாகவே தேவைப்பட வேண்டும். பொழுது கழிவதற்காக எதையோ செய்யச் சொல்லி, பின்னர் அதனைக் குப்பையிலே எறிவது முதியவரை இருமுறை அவமதிப்பதாகும்.

நமது பகுதிக்கு இவை எவ்வாறு பொருந்தும்? ஈர்க்குமாறு கட்டுவதை எடுத்துக்கொள்வோம். தென்னோலையை அயற் கிராமங்களிலே வாங்கலாம். ஓலையைக் கிழித்து ஈர்க்கைச் சீவுவது ஒருவர். நீளம் பார்த்துப் பிரிப்பது ஒருவர். இறுக்கிக் கட்டுவது ஒருவர். கண் மங்கியவரும் ஈர்க்கின் நீளத்தை விரலால் அறிவார். கை நடுங்குபவர் பலகையின்மீது பஞ்சை உருட்டித் திரி திரிக்கலாம். தோட்டத்து மாரியம்மன் கோயில் விளக்குக்குத் திரி என்றும் வேண்டும். பாரிசவாதத்தினால் ஒரு கை விழுந்தவர், ஆணி அறைந்த பலகையிலே நாரின் நுனியைக் கட்டிவிட்டால், மற்றக் கையினாலே மெல்ல மெல்லப் பூத்தொடுக்கப் பழகுவார். மூங்கிலிலும் பிரம்பிலும் கூடை முடையத் தெரிந்தவர்கள் தோட்டங்களிலே இருந்தார்கள். கொழுந்துக் கூடையின் இடத்தை நைலான் பை பிடித்தபின் அவ்வித்தையைக் கேட்பார் அருகினர். அயலிலுள்ள சிங்களத் தாய்மாரிடம் பன்பாய் இழைக்கக் கற்கலாம். அவர்களுக்கு நம்மிடம் உள்ளதைக் கற்பிக்கலாம். நம் மழையிலே ஓலையும் பன்னும் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அடுப்புச் சூடு படும் உலர்ந்த பரண் ஒன்று முதலிலே வேண்டும்.

“உழைத்துத் தேய்ந்த உடம்பை இன்னுமா வருத்துவது?” என்று ஒரு பெரியவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஓய்வு அவர்களின் உரிமை. ஆகவே இங்குக் கணக்கப்பிள்ளையும் இல்லை, இத்தனை இறாத்தல் என்ற கணக்கும் இல்லை. வேண்டாம் என்பவரை வற்புறுத்தலாகாது. விளக்குமாறு விற்ற காசைக் காட்டி, அவருக்குரிய உதவிப் பணத்தை நிறுத்துவதும் ஆகாது. விற்பனையிலும் நேர்மை வேண்டும். இரக்கத்திற்காக வாங்கும் பொருள் ஒருமுறைதான் விற்கும். நன்றாகச் செய்த பொருள் மறுமுறையும் விற்கும். வந்த பணம் செய்தவர் கைக்கே போய்ச் சேர வேண்டும்.

சட்டமும் நமக்குத் துணையாக நிற்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறை உடையோரின் உரிமைகளையும், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளையும் காக்க இயற்றப்பட்டன. சட்டம் ஏட்டிலே உள்ளது. லயத்துக்கு அதை எடுத்துச் செல்லும் கால்கள் இளைஞருடையவை.

இளைஞர்களே! திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிறோம், காவடி எடுக்கிறோம். அவ்வூக்கத்திலே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்பணிக்குத் தருவோமாக. முதல் ஞாயிறு எதையும் கொடுக்கப் போக வேண்டா, கேட்கப் போவோம். ஒவ்வொரு லயத்திலும் மூலையில் இருப்பவரிடம் அமர்ந்து, “உங்கள் கைக்கு என்ன தெரியும், அம்மா? என்ன தெரியும், ஐயா?” என்று கேட்போம். அவர் சொல்வதை அவர் பேருடன் ஒரு கொப்பியிலே எழுதுவோம். செக்றோலிலிருந்து நீங்கிய பேர் அந்தக் கொப்பியிலே மீண்டும் ஏறட்டும். அடுத்த ஆண்டு மலரில் அந்தக் கைகள் செய்தவற்றைப் பற்றி எழுதும் பேறு நமக்குக் கிட்டுவதாக.