தீவகத்து வீதிகளும் எண்ணெயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளுள் நெடுந்தீவு சேய்மையிலுள்ளது. அங்கு ஓடும் முச்சக்கர வண்டியொன்றின் தாங்கியிலுள்ள பெற்றோல் இருமுறை கடல் கடந்தது. பிறநாட்டிலிருந்து கப்பலில் இலங்கைக்கு வந்து, தரைவழியே யாழ்ப்பாணம் சேர்ந்து, பண்ணைத் தாம்போதியையும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள வாணர் தாம்போதியையும் கடந்து, குறிகட்டுவான் துறையில் மீண்டும் படகேறியே அது அங்கு போய்ச் சேருகின்றது. படகு ஓடுவதற்கும் எண்ணெய் வேண்டும். எண்ணெயைக் கொண்டுசெல்வதற்கே எண்ணெய் எரிக்க வேண்டிய இடத்தில், புகையற்ற வண்டிகளைப் பற்றி இன்று உலகெங்கும் எழுந்துள்ள பேச்சு வேறொரு பொருள் பெறுகின்றது. கொழும்புக்குப் பொருந்தும் விடை ஊர்காவற்றுறைக்குப் பொருந்துமென்பதில்லை. ஊர்காவற்றுறைக்குப் பொருந்துவது நெடுந்தீவுக்குப் பொருந்துமென்பதுமில்லை.

தீவகம் என்று ஒரே சொல்லால் வழங்கினாலும், அது இரு கூறானது. வேலணையும் புங்குடுதீவும் காரைநகரும் மண்டைதீவும் தாம்போதிகளால் குடாநாட்டோடு பிணைக்கப்பட்டவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கையும் படகின்றி அடைய இயலாது. ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். லெய்டன், மிடில்பேர்க், ரொட்டர்டாம் என்ற பெயர்கள் மறைந்துபோக, நெடுந்தீவுக்கு மட்டும் டெல்வ்ற் என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அத்தீவின் நீளம் ஏறத்தாழ 8 கிலோ மீற்றர். பரப்பு 50 சதுர கிலோ மீற்றர் அளவினது. நயினாதீவு அதனினும் மிகச் சிறியது. அம்மன் கோவிலுக்கும் நாகவிகாரைக்கும் வருவோர் பெரும்பாலும் கால்நடையாகவே சென்று திரும்புவர். மின்சாரத்தால் ஓடும் வண்டியை வாங்க அஞ்சுவோர் கூறும் முதற் காரணம், இடைவழியில் மின்கலம் தீர்ந்துவிடுமே என்பது. நெடுந்தீவில் ஒரு நாள் முழுவதும் ஓடினாலும் எவரும் நூறு கிலோ மீற்றர் ஓடப்போவதில்லை. அவ்வச்சத்துக்கு அங்கு இடமேயில்லை.

புகை வானிற் கலந்து மறைகின்றது. எண்ணெய் நிலத்தில் மறைவதில்லை. தீவகத்து நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. மாரியிற் பெய்யும் மழை அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கிணறுகளில் அள்ளப்படுவது அந்த நீரே. மழைநீர் இறங்கும் அதே வெடிப்பினூடே கழிவெண்ணெயும் இறங்கும். இது வெறும் ஊகமன்று. வலிகாமத்தில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததை யாவரும் அறிவர். அது பற்றிய வழக்கில், அங்கிருந்த தனியார் மின்நிலையம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுன்னாகத்துக்குப் பவுசர் வண்டியில் மாற்று நீர் கொண்டுவர முடிந்தது. நன்னீர் எல்லா இடத்திலும் ஊறாத நெடுந்தீவில், உள்ள கிணறும் கெட்டால், நீரும் படகேறித்தான் வரவேண்டும். ஆதலால், தீவகத்தில் வண்டியினால் விளையும் கேட்டை ஆராய்பவர் புகைக்குழாயை மட்டும் நோக்கினாற் போதாது. எண்ணெய் மாற்றும் போது பழைய எண்ணெய் எங்கே ஊற்றப்படுகின்றது என்பதையும் நோக்க வேண்டும்.

எண்ணெயின்றி வாழ்வது வடபுலத்தாருக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன, மின்சாரமும் நின்றது. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வலிகாமத்திற் குடியேறியோரும் அத்துன்பத்துக்கு உட்பட்டனர். அக்காலத்தில் பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை முடுக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோலை விட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். துவிச்சக்கர வண்டி அந்நாளில் சுமைவண்டியுமாயிற்று, நோயாளர் வண்டியுமாயிற்று. விறகும் நெல்மூட்டையும் அதன் பின்னிருக்கையில் ஏறின. அதனைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுழற்ற, டைனமோவிலிருந்து எழுந்த சிறு மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். நேயர்களுட் பலர் அச்சக்கரத்தைத் தாமே சுழற்றியிருப்பர். அக்காலத்துக் கைத்திறனைப் பெருமையுடன் நினைவுகூர்வது இயல்பே. ஆயினும் மண்ணெண்ணெயில் ஓடிய கார் கக்கிய கரும்புகையை அதன் பின்னே மிதித்துச் சென்றவர் மறந்திருக்க மாட்டார். இல்லாமையால் எண்ணெயைக் குறைப்பது வேறு, அறிந்து குறைப்பது வேறு.

2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்து நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, யாழ்ப்பாணத்து மூத்தோர் கொட்டிலில் கிடந்த துவிச்சக்கர வண்டியை வெளியே எடுத்துத் துடைத்தனர். அவ்வாண்டு யூலையில் கியூஆர் அட்டை முறை வந்தது. மண்ணெண்ணெய் கிடையாமையால் மீன்பிடிப் படகுகள் கரையில் நின்றன. வீதியில் வண்டி ஓடாமையைப் பொறுத்துக்கொள்ளலாம். படகு ஓடாவிடின் தீவில் அடுப்பும் எரியாது.

இனி, வண்டிகளின் வகையைச் சற்று நோக்கலாம். யாழ்ப்பாணத்து வீதிகளில் பெரிதும் காணப்படுவது யப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார். அதில் பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் இணைந்துள்ளன. தடுப்பை அழுத்தும்போது வீணாகும் ஆற்றலை அது மின்கலத்திற் சேமித்து மீண்டும் பயன்படுத்துகின்றது. எண்ணெய் குறையுமேயன்றி ஒழியாது. முற்றிலும் மின்சாரத்தால் ஓடும் கார்கள், வரி குறைந்திருந்த 2015ஆம் ஆண்டளவில் ஓரளவு வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபின் அவை மறுபடியும் வரலாயின. பழைய பெற்றோல் முச்சக்கர வண்டியின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரைப் பொருத்தும் முன்னோடி முயற்சியும், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையுடன் மேல் மாகாணத்தில் 2023இல் தொடங்கியது. தீவகத்துக்கு ஏற்றது இதுவே எனலாம். புதிய கார் வாங்கும் வசதி படைத்தோர் தீவில் சிலரே. முச்சக்கர வண்டியோ எல்லோரும் ஏறுவது.

இங்குதான் இடர்ப்பாடு ஒன்று எழுகின்றது. வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள மின்சாரம் நாட்டின் பொது மின்வலையிலிருந்து வருவது. அதில் அருவிநீரின் பங்குண்டு, நுரைச்சோலை நிலக்கரியின் பங்குமுண்டு. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் அவ்வலையிற் சேராதவை. நெடுங்காலமாக டீசல் இயந்திரங்களாலேயே ஒளி பெற்றவை. ஒரு லீற்றர் டீசலை எரித்து அவ்வியந்திரம் தருவது ஏறத்தாழ 3 யூனிற் மின்சாரம். அந்த 3 யூனிற்றில், ஏற்றும்போது நேரும் இழப்புப் போக, மின்முச்சக்கர வண்டி 30 கிலோ மீற்றர் அளவு ஓடும். சாதாரண பெற்றோல் முச்சக்கர வண்டியோ ஒரு லீற்றரில் 25 கிலோ மீற்றர் அளவு ஓடும். வேறுபாடு இவ்வளவே! வீதியில் எழுந்த புகை மின்நிலையத்தின் கூரைக்கு இடம் மாறியதேயன்றி, பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ‘மின்வண்டி வாங்கிவிட்டோம், சூழலைக் காத்துவிட்டோம்’ என்று அத்தகைய தீவில் ஒருவர் கூறினால், அவர் தம் மின்சாரம் எங்கிருந்து வருகின்றதெனக் கேட்டறியாதவர்.

அம்மின்சாரத்தை மாற்றும் முயற்சி தொடங்கி ஆண்டுகள் சில ஆகிவிட்டன. எழுவைதீவில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் துணையுடன், வெயிலும் காற்றும் மின்கலமும் டீசலும் ஒருங்கிணைந்த சிறு மின்னமைப்பொன்று முன்னரே நிறுவப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான பெருந்திட்டம் 2021இன் தொடக்கத்தில் சீன நிறுவனமொன்றுக்கு அளிக்கப்பட, இராமேசுவரத்துக்கு இவ்வளவு அருகில் அது வேண்டாமென இந்தியா கருதியது. அவ்வாண்டின் இறுதியில் சீனத்தரப்பு விலகிக்கொண்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடை. சூரிய ஒளியால் 1,700 கிலோ வோற், காற்றால் 530 கிலோ வோற், சேமிப்புக்கு 2,400 கிலோ வோற் மணி மின்கலம், தேவைப்படும்போது உதவ 2,500 கிலோ வோற் டீசல் என அது வகுக்கப்பட்டது. வல்லரசுகள் இரண்டு தமக்குள் இழுபறிப்பட்ட காலமெல்லாம் தீவார் டீசலையே எரித்தனர் என்பதை வரலாறு எழுதுவோர் குறித்துக்கொள்ளட்டும்.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகக் காற்றுத் தீவகத்துப் பனைகளை ஆட்டிப்படைப்பதை எவரும் அறிவர். வெயிலுக்கும் அங்கு குறைவில்லை. ஆனால் வெயில் உச்சமாகும் நண்பகலில் வீடுகளில் மின்சாரத் தேவை குறைவு. விளக்கேற்றும் நேரத்தில் வெயில் இல்லை. நாடு முழுவதற்கும் இதே சிக்கல் உண்டு. 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் தேவை வீழ்ந்தபோது, கூரையில் சூரியத் தகடு பொருத்தியோரைப் பகலில் அவற்றை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் தந்த மின்சாரத்தை வேண்டாமென ஒதுக்க நேர்ந்தது. வண்டியின் மின்கலம் பயன்படுவது இத்தகைய வேளையிலேயாம். நெடுந்தீவில் முச்சக்கர வண்டிகள் மாவிலித்துறையிற் படகு வரும் நேரத்தையொட்டி ஓடுவன. ஒரு படகுக்கும் மறு படகுக்கும் இடையே நிழலில் நிற்பன. அந்நேரத்தில், அவ்விடத்திலேயே, மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். இரவில் வீட்டில் ஏற்றினால் எரிவது டீசல். பகலில் துறையில் ஏற்றினால் வெயில். வண்டி ஒன்றே, ஏற்றும் நேரமே வேறு. பகல் மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணம் விதித்தால் ஓட்டுநர் தாமே அந்நேரத்தைத் தேர்ந்துகொள்வர்.

தென்மார்க்கு நாட்டில் சாம்சோ என்றொரு தீவுண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ 4,000, நெடுந்தீவினதும் அவ்வளவினதே. 1997இல் அரசு நடத்திய போட்டியில் அத்தீவு புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் தீவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. விவசாயிகளே பங்கு வாங்கிக் காற்றாலைகளை நிறுவினர். பத்தாண்டுக்குள் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைத் தரைநாட்டுக்கு அனுப்பினர். ஆனாலும் கார்களும் பயணக் கப்பலும் எண்ணெயை விடவில்லை. அவை எரித்த எண்ணெய்க்கு ஈடுசெய்யவென்றே கடலில் பத்துக் காற்றாலைகளை 2003இல் நாட்டினர். வீட்டு விளக்கை மாற்றுவதைவிடப் போக்குவரத்தை மாற்றுவது கடினம் என்பது அங்கும் தெரிந்தது.

தீவகத்திலும் படகே பெருந்தீனிக்காரன். குமுதினி, வடதாரகை என்னும் பெயர்களை அறியாத தீவகத்தார் இல்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு செல்ல ஒரு மணி நேரமாகும். சோழகத்தில் கடல் கொந்தளிக்கும். அக்கடலில் மின்கலப் படகை நம்பி மக்களை ஏற்றுவது இப்போதைக்கு விவேகமன்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் ‘பாதை’யின் நிலை வேறு. ஒரு மைலுக்கும் குறைந்த ஒடுங்கிய நீர்ப்பரப்பு. அலை அடங்கிய இடம். நாள்தோறும் அதே வழி. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே, 75 பேரை ஏற்றும் ‘ஆதித்யா’ என்னும் சூரியப் படகு 2017 சனவரி முதல் காயலைக் கடந்து வருகின்றது. அதன் கூரையே மின்னாலை. ஊர்காவற்றுறைப் பாதை வண்டிகளையும் ஏற்றுவதால் அதனினும் பாரமானது. ஆயினும் இரு கரையிலும் தரித்து நிற்கும் வேளைகளில் மின்சாரம் ஏற்ற வாய்ப்புண்டு. பொறியியலாளர் கணித்துப் பார்க்கத்தக்க வேலை இது.

தாம்போதி வழியே செல்வோருக்கு இன்னும் எளிய வழி ஏற்கெனவே உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் செல்லும் 776ஆம் இலக்கப் பேருந்தில் ஐம்பது பேர் ஏறினால், பத்துக் கார்களுக்கு மேல் வீட்டிலேயே நிற்கும். பேருந்து டீசலில் ஓடினாலும் ஆளுக்கான பங்கு சொற்பமே. படகின் நேரத்தோடு பேருந்தின் நேரம் பொருந்தாவிடின் மட்டும் பயணி துறையில் முச்சக்கர வண்டியைத் தேடுவார். நேர அட்டவணையைத் திருத்துவதற்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை.

மின்வண்டியிலும் கேடுண்டு. மலிவான வண்டிகளில் வைக்கப்படும் ஈயமின்கலம் சில ஆண்டுகளிற் பயனற்றுப்போகும். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். உடைத்து வீசப்பட்ட மின்கலத்தின் ஈயமும் அமிலமும், கழிவெண்ணெய் இறங்கிய அதே கல்வெடிப்பினூடே கிணற்றுக்கு இறங்கும். நெடுந்தீவுக்குப் பொருள்களை ஏற்றிச்செல்லும் படகு திரும்புகையில் பாரம் குறைந்தே வருகின்றது. பழைய மின்கலங்களையும் கழிவெண்ணெயையும் அதிலேற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவரலாம். அதற்கு வேண்டியவை, மூடியுள்ள சில பீப்பாய்களும், மாவிலித்துறையில் அவற்றைப் பொறுப்பேற்று எடைபார்த்துப் பணம் கொடுக்கும் ஓர் ஆளுமே.