வீட்டுப் பண்டமும் கூலிக் கணக்கும்



கடையநல்லூர்க் கடைத்தெருவில் கேக்கும் பிஸ்கோத்தும் விற்க விரும்பும் நம் மாதர்க்கு யாம் கூறுவது ஒன்று. மாவு, சீனி, முட்டை இவற்றின் கிரயத்தைக் கூட்டிச் சிறிது இலாபம் வைப்பர். விடியுமுன் எழுந்து உழைத்த தம் கூலியையோ கணக்கில் எழுதார். (மாமியார் செய்யும் உதவியும் உழைப்பேயாம்!) அத்தகைய மலிவு, வீட்டுப் பெண்டிரிடமிருந்தே பறித்ததாகும்.

தூத்துக்குடி மக்ரூனை நோக்குங்கள். முட்டை வெண்கரு, சீனி, முந்திரி என மூன்றே சரக்கு. வெண்கருவை நுரைபொங்க அடித்து இளஞ்சூட்டில் வேகவைக்கும் கைவேலையன்றோ அதற்கு மதிப்புத் தருகின்றது?

முட்டை சேர்த்ததை வாங்குவோர்க்கு மறைத்தலாகாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும் வேண்டும். சிறு உற்பத்தியாளர்க்கு ஆண்டொன்றுக்கு 100 ரூபாயென 2011-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. அக்கட்டணத்தையும் கூலியோடு சேர்த்தே விலை கூறுங்கள்.