ஆசான் மாறினால் ஆட்டம் மாறுமா?



ஓர் அமைப்பு பத்தாண்டு நிறைவு காணும்போது அதன் உறுப்பினர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுவது இயல்பு. இதுவரை இதனை நடத்தியவர் எவ்வாறு நடத்தினார்? இனி நடத்துபவர் யார்? இவற்றுக்கு விடை தேட இலக்கிய உலகத்துக்குள்ளேயே சுற்றிவர வேண்டும் என்பதில்லை. கடல் கடந்த நாடொன்றில், கல்லூரி மாணவர் ஆடும் ஆட்டமொன்றில், இதே வினாக்கள் ஆண்டுதோறும் பல்லாயிரவர் முன்னிலையில் எழுப்பப்படுகின்றன. விடை பிழைத்தால் ஒரு மாநிலமே இருபதாண்டுக் காலம் அதன் பயனை அனுபவிக்கிறது. அந்த ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. அந்த மாநிலம் நெப்ராஸ்கா.

பெயர் கால்பந்து என்றாலும் இதில் கைக்கே வேலை மிகுதி. இருமுனையும் கூர்த்த நீள்பந்தைக் கையில் ஏந்தி, அணிக்குப் பதினொருவராய் முட்டி மோதி, எதிரியின் எல்லைவரை கொண்டு சேர்ப்பதே ஆட்டம். ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே வகுக்கப்படுகிறது; வகுப்பவர் தலைமைப் பயிற்சியாளர். ஊர் ஊராய்ச் சென்று பள்ளி மாணவரைத் தேர்ந்து, பெற்றோரிடம் பேசி, கல்லூரிக்கு அழைத்து வருபவரும் அவரே. மாணவன் நான்கைந்து ஆண்டுகளில் வெளியேறிவிடுகிறான், பயிற்சியாளர் நிற்கிறார். ஆகவே அணியின் மரபு என்பது ஆட்டக்காரரிடம் இல்லை, பயிற்சியாளரிடமே தங்குகிறது. பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோருள் முதலிடத்தில் நிற்பவர் ஆளுநர் அல்லர், பல்கலைக்கழக வேந்தரும் அல்லர், கால்பந்துப் பயிற்சியாளரே.

நெப்ராஸ்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 இலட்சம். சோளமும் கால்நடையும் செழிக்கும் சமவெளி. தொழில்முறைக் கால்பந்து அணி எதுவும் அங்கு இல்லை. லிங்கன் நகரில் 1923இல் திறக்கப்பட்ட மெமோரியல் ஸ்டேடியத்தில் பல்கலைக்கழக அணி ஆடும் நாளில் ஏறத்தாழ 85,000 பேர் கூடுகின்றனர். அன்று அந்த அரங்கமே மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்பர். 1962 தொடங்கி, வென்றாலும் தோற்றாலும், அனுமதிச் சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்த ஆட்டங்கள் 400ஐக் கடந்துவிட்டன. ஆகவே அங்கு ரசிகரின் கருத்து என்பது பொழுதுபோக்க வந்தவரின் கருத்து அன்று, பங்காளியின் கருத்து.

இந்தப் பங்காளிகளுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1962இல் பாப் டெவனி பொறுப்பேற்றபோது அணி தொடர்ந்து பல ஆண்டுகளாகத் தோற்றுத் துவண்டிருந்தது. அவர் அதனை நிமிர்த்தி 1970இலும் 1971இலும் தேசியப் பட்டம் பெற்றுத் தந்தார். அதைவிடப் பெரிய செயலொன்றையும் செய்தார். புகழின் உச்சியில் நின்றபோதே, தம்மிடம் துணைப் பயிற்சியாளராய் இருந்த டாம் ஆஸ்பர்னைத் தேர்ந்து, 1973 பருவத்தில் அணியை ஒப்படைத்தார். தாம் விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்துகொண்டு புதியவருக்கு நிழல் தந்தார்.

அந்நிழல் தேவைப்பட்டது. ஆஸ்பர்னின் அணி பரம்பரைப் போட்டியாளரான ஓக்லஹோமாவிடம் 1973 முதல் 1977 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து தோற்றது. ஏனைய ஆட்டங்களில் வென்றும் பயனில்லை. பெரிய ஆட்டத்தில் தோற்பவர் என்னும் பழி ஒட்டிக்கொண்டது. 1978இல் கொலராடோ பல்கலைக்கழகம் அவரை அழைத்தபோது, சென்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நிருவாகமும் பொறுத்தது, அவரும் பொறுத்தார்.

பொறுமையின் பொருளை உணர்த்தும் இரவு ஒன்று உண்டு. 1984 சனவரி 2, மயாமி நகரின் ஆரஞ்சு பவுல். அதுவரை தோல்வியே காணாத நெப்ராஸ்கா, மயாமி அணியை அதன் சொந்த மண்ணில் எதிர்கொண்டது. இறுதிப் பகுதியில் 31–17 எனப் பின்தங்கியிருந்த அணி, 48 நொடிகளே எஞ்சியிருந்தபோது 31–30 என நெருங்கியது. இனி எளிய உதையொன்றில் ஒரு புள்ளி பெற்றால் ஆட்டம் சமநிலை. அக்காலத்தில் கூடுதல் நேர ஆட்டம் கிடையாது. பட்டத்தை வாக்கெடுப்பே முடிவு செய்தது. முதலிடத்தில் இருந்த அணி சமநிலையில் முடித்திருந்தாலும் பட்டம் கிட்டியிருக்கும் என்பது பொதுக் கருத்து. ஆஸ்பர்ன் சமநிலையை நாடவில்லை. வெல்வதற்காக இரு புள்ளி முயற்சியைத் தேர்ந்தார். எறிந்த பந்து எதிரணி வீரரின் கைபட்டு விலகியது. பட்டம் போயிற்று.

நெப்ராஸ்கா ரசிகர் அத்தோல்வியை இன்றும் பெருமையோடு சொல்வர் என்பதே வியப்பு. தோல்வியைப் பெருமையாகச் சொல்லத் தெரிந்த ஒரு கூட்டம், முதல் பட்டத்துக்காக 1994 வரை, அதாவது ஆஸ்பர்னின் 22ஆம் பருவம் வரை காத்திருந்தது. பின்னர் 1995, 1997 என மேலும் இரண்டு பட்டங்கள் வந்தன. 25 பருவங்களில் 255 வெற்றி. எந்தப் பருவத்திலும் ஒன்பது வெற்றிக்குக் குறைவில்லை. இந்த எண்களே பின்வந்தவருக்குச் சுமையாயின.

1998இல் பிராங்க் சோலிச் வந்தார். டெவனியிடம் ஆடியவர், ஆஸ்பர்னிடம் துணைவராய் இருந்தவர். மரபின் மூன்றாம் கண்ணி. ஆறு பருவங்களில் 58 வெற்றி, 19 தோல்வி. 2001 பருவத்தில் அணி தேசியப் பட்டத்துக்கான ஆட்டம்வரை சென்றது. 2002இல் ஏழு வெற்றி, ஏழு தோல்வி எனச் சரிந்தது. 2003இல் மீண்டெழுந்து ஒன்பதாவது வெற்றியைக் கொலராடோவுக்கு எதிராகப் பெற்றது. மறுநாளே சோலிச் நீக்கப்பட்டார். முந்தைய ஆண்டின் இறுதியில் பொறுப்பேற்ற விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் எடுத்த முடிவு அது. அணி நடுத்தர நிலைக்கு நழுவிவிடக் கூடாது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

ரசிகர் கூட்டம் அன்று இரண்டாகப் பிளந்தது. நீக்கம் நன்றிகெட்ட செயல் என்றது ஒரு சாரார். பெரிய ஆட்டங்களில் வீழ்கின்ற அணிக்குப் புது இரத்தம் வேண்டும் என்றது மறுசாரார். பின்னவர் கூற்றில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பெரிய தோல்விகள் சில நேர்ந்தது உண்மை. பிற அணிகள் வலுப்பெற்று வந்ததும் உண்மை. ஆனால் நீக்குவதற்குக் காரணம் இருந்தது. நீக்கியபின் யார் என்பதற்கு விடை இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் தேடியபின், தொழில்முறை அணியொன்றை நடத்தியிருந்த பில் கலகன் 2004 சனவரியில் அமர்த்தப்பட்டார்.

அவர் திறமையற்றவர் அல்லர். ஆனால் வேறு இலக்கணம் கற்றவர். நெப்ராஸ்காவின் பழைய முறை, குவாட்டர்பேக் பந்தை ஏந்தி ஓடியவாறே, தானே கொண்டு செல்வதா அருகில் வருபவனிடம் தட்டிவிடுவதா எனக் கடைசி நொடியில் தீர்மானிக்கும் ஓட்டமுறை. சிற்றூர்களிலிருந்து உதவித்தொகையின்றித் தாமாக வந்து சேர்ந்த உள்ளூர் இளைஞர்கள் அதன் முதுகெலும்பு. கலகன் அதனைக் கைவிட்டு, பந்தை எறியும் முறையைப் புகுத்தினார். மரபுக் கவிதையில் பயின்றவரிடம் ஒரே இரவில் வேறொரு யாப்பைக் கொடுத்து அரங்கேற்றச் சொன்னதற்கு ஒப்பானது அது. 2004இல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961க்குப் பின் முதன்முறையாகத் தோல்விப் பருவம். 35 ஆண்டுகள் இடையறாது கிட்டிவந்த பருவ இறுதி விழா ஆட்டமும் அற்றது. 2007இல் இயக்குநரும் நீக்கப்பட்டார், பயிற்சியாளரும் நீக்கப்பட்டார். வீட்டைச் சரிசெய்ய ஆஸ்பர்னையே இயக்குநராக அழைக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் வந்தவர்களை விரைந்து சொல்லிவிடலாம். போ பெலினி, 2008 முதல் 2014 வரை, ஆண்டுதோறும் ஒன்பது அல்லது பத்து வெற்றி தந்தார், பட்டம் தரவில்லை. ரசிகரை அவர் இழித்துப் பேசிய ஒலிப்பதிவு 2013இல் வெளிவந்ததும் உறவைக் கெடுத்தது. ஒன்பது வெற்றியோடு அவரும் நீக்கப்பட்டார். மைக் ரைலி மூன்று பருவங்களில் 19 வெற்றி, 19 தோல்வி. 2018இல் வந்த ஸ்காட் பிராஸ்ட் 1997 பட்ட அணியின் குவாட்டர்பேக், மண்ணின் மைந்தன். மீட்பர் வந்துவிட்டார் என்று மாநிலமே மகிழ்ந்தது. 16 வெற்றி, 31 தோல்வியோடு 2022 செப்டம்பரில் அவர் விலக்கப்பட்டார். இன்னும் மூன்று வாரம் பொறுத்து அக்டோபர் முதல் நாளில் விலக்கியிருந்தால் இழப்பீடு 75 இலட்சம் டாலர். அவ்வளவும் பொறுக்க இயலாமல் ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தது நிருவாகம். மூன்று வார அவசரத்தின் விலை 75 இலட்சம்!

இது நெப்ராஸ்காவின் நோய் மட்டுமன்று. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023இல் ஜிம்போ பிஷரை விலக்க ஏழரைக் கோடி டாலருக்குமேல் ஏற்றுக்கொண்டது. ஒருவரை வேலை செய்ய வேண்டா என்று சொல்வதற்குக் கொடுக்கப்பட்ட தொகை இது.

நெப்ராஸ்காவின் கிழக்கே மிசௌரி ஆற்றின் அக்கரையில் அயோவா. அங்கு 1979 முதல் 1998 வரை ஹேடன் பிரை. 1999 முதல் கர்க் பெரன்ஸ். பெரன்சின் முதல் பருவம் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி; இரண்டாம் பருவம் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. நெப்ராஸ்காவின் அளவுகோல் அங்கிருந்தால் அவர் அன்றே வெளியேறியிருப்பார். அயோவா பொறுத்தது. 2002இல் 11 வெற்றி வந்தது. 2025இல் பிக் டென் கூட்டமைப்பின் பயிற்சியாளருள் மொத்தத்தில் மிகுதியான வெற்றி ஈட்டியவர் என்னும் நிலையை அவர் அடைந்தார். ஆண்டுதோறும் நிகழும் அண்டை மாநில ஆட்டத்தில் 2015 முதல் 2021 வரை ஏழாண்டுகள் அயோவாவே வென்றது.

ஆயினும் பொறுமையை வழிபாடாக்கிவிடலாகாது. அயோவாவுக்கும் இக்காலத்தில் தேசியப் பட்டம் கிட்டவில்லை. நீண்ட ஆட்சி மகனுக்கும் பதவி தேடித் தந்தது; தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பாளராயிருந்த மகனுக்கு, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று 2023இல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டிய நிலை வந்தது. அதைவிடக் கொடியது பென்சில்வேனியாவில் நிகழ்ந்தது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் தலைமைப் பயிற்சியாளராயிருந்த ஜோ பட்டர்னோ 2011 நவம்பரில் நீக்கப்பட்டார். அவரிடம் பல்லாண்டு துணைவராயிருந்த ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களிடம் புரிந்த பாலியல் கொடுமைகள் வெளிப்பட்டதே காரணம். ஒருவரைக் கேள்வி கேட்க இயலாத உயரத்தில் வைத்துவிட்டால், அந்த உயரத்தின் நிழலில் எது வளர்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. அங்கு விலை கொடுத்தவர் குழந்தைகள். வெற்றிகளின் எண்ணிக்கை எதுவும் அதற்கு ஈடாகாது.

அப்படியானால் அளவுகோல் யாது? திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் அடுத்தடுத்த அதிகாரங்கள். முன்னது ஆளைத் தேர்வது பற்றியது. பின்னது தேர்ந்தவரிடம் வினையை ஒப்படைப்பது பற்றியது. நெப்ராஸ்கா கால்நூற்றாண்டாக முன்னதையே திரும்பத் திரும்பச் செய்தது. பின்னதற்குப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. பென் ஸ்டேட்டோ பின்னதில் நிலைத்து, முன்னதை மீண்டும் திறந்து பார்க்க மறந்தது. ஒழுக்கம் பிறழ்ந்தால் ஒரு நாளும் பொறுக்கலாகாது. ஆட்டம் தவறினால் சில ஆண்டுகளேனும் பொறுக்க வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்வதே நிருவாகத்தின் பெரும்பிழை.

ரசிகருக்கும் இதில் பங்கு உண்டு. ஒன்பது வெற்றி போதாது என்று முழங்கிய குரல்களில் பல, பின்னாளில் ஒன்பது வெற்றிக்கு ஏங்கின. 2017 முதல் 2023 வரை விழா ஆட்டம் எதற்கும் தகுதி பெறாத அணி, மேட் ரூல் வந்தபின் 2024இல்தான் மீண்டும் அதனை எட்டியது. இன்று மாணவர் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் மாறலாம். 2021 முதல் தம் பெயரால் பொருளும் ஈட்டலாம். ஆசான் போனால் மாணவரும் போகின்றனர். முன்பு ஒருவரை நீக்கினால் ஓர் இருக்கை காலியாகும். இப்போது ஓர் அணியே கலைந்துபோகலாம். அவசரத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது.

நீக்கப்பட்ட சோலிச் என்ன ஆனார்? ஒஹையோ பல்கலைக்கழகம் என்னும் சிறிய அணிக்கு 2005இல் சென்றார். பதினைந்தாண்டுகளுக்கு மேல் அங்கேயே பணியாற்றி 115 வெற்றிகள் பெற்றுத் தந்தார். 2023 ஏப்ரலில், இளவேனில் பயிற்சி ஆட்டத்தின்போது, நெப்ராஸ்கா அவரை அழைத்துச் சிறப்பித்தது. இருபதாண்டுக்கு முன் அவரை வழியனுப்பிய அதே அரங்கில் ரசிகர் எழுந்து நின்று கைதட்டினர். கைதட்டியவருள் அன்று அவரை நீக்கச் சொன்னவரும் இருந்திருப்பர். அவர்கள் மனம் மாறியது நன்று. ஆனால் இழந்த இருபதாண்டு அந்தக் கைதட்டலால் திரும்பி வருவதில்லை. ஓர் அமைப்பின் உறுப்பினர் தம் குரலை உயர்த்துமுன் நினைத்துப் பார்க்க வேண்டியது இதுவே.