எல்லாவற்றுக்கும் தேக்கா?

மரக்கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள்: "தேக்கு இருக்கா?" நிலைக்குத் தேக்கு, கட்டிலுக்குத் தேக்கு, காய் நறுக்கும் பலகைக்கும் தேக்கு. கழுத்தில் மட்டும் கருங்காலி மாலை. அது சாயம் ஏற்றிய மணியா, கருங்காலிதானா என்று கேட்டால் முழிக்கிறார்கள். உளி பிடித்த எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

செக்குக்கு வாகை, வீணைக்குப் பலா, வண்டிச் சக்கரத்துக்குக் கருவேலம், கறிக்கடை முட்டிக்குப் புளி. இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். வேலைக்கு ஏற்ற மரம். மரத்துக்கு ஏற்ற வேலை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்று பேச வந்தது ஆச்சா மரத்தைப் பற்றி.

சேலம், தருமபுரிப் பக்கத்து வறண்ட காடுகளில் ஆச்சா நிற்கும். அடையாளம் இலையில் இருக்கிறது. ஒரு காம்பில் இரண்டே சிற்றிலை, மாட்டுக் குளம்பு மாதிரி. மந்தாரைக்கும் குளம்பு இலைதானே என்பீர்கள். மந்தாரையில் இரண்டு பக்கமும் பாதிக்குமேல் ஒட்டியிருக்கும். ஆச்சாவில் அடிவரை பிரிந்திருக்கும். மறுபடி சொல்கிறேன்: ஒட்டியிருந்தால் மந்தாரை, பிரிந்திருந்தால் ஆச்சா. பென்னாகரம் பக்கம் ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர்தான் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தார். "ஆட்டுக்கு இந்தத் தழைன்னா உசுரு தம்பி" என்றார். நான் தழையைப் பார்க்கவில்லை, அடிமரத்தைப் பார்த்தேன்.

அதன் வைரம் கருஞ்சிவப்பு. சில கட்டைகளில் ஊதா வரி ஓடும். ஒரு கன அடித் தேக்கு ஏறக்குறைய 18 கிலோ. அதே அளவு ஆச்சா 30 கிலோ! தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். இழைப்புளியின் வாய் மழுங்கும், கை சலிக்கும். ஆனால் இழைத்து முடித்ததும் தடவிப் பாருங்கள், அப்புறம் தேக்குப் பேச்சையே எடுக்க மாட்டீர்கள்.

நாதஸ்வரத்தின் உலவு, அதாவது அதன் நீண்ட குழல், இந்த மரம்தான். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் இருக்கிற நரசிங்கம்பேட்டையில் இதைக் கடைகிறார்கள். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி என்னும் நீளமான நாதஸ்வரம் செய்து கொடுத்த ரங்கநாத ஆசாரி அந்த ஊர்க்காரர். அங்கே பச்சை மரத்தைத் தொட மாட்டார்கள். பழைய வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தூணாகவும் உத்தரமாகவும் நின்று காய்ந்த கட்டைதான் வேண்டும். ஈரம் வற்றாத மரத்தில் துளையிட்டால் பிறகு அது சுருங்கும், வெடிக்கும், சுருதி நிற்காது. வேறு மரத்தில் கடைந்த குழலையும் கேட்டிருக்கிறேன். சத்தம் வருகிறது, நாதம் வரவில்லை. என் காது அப்படி!

ஒரு முறை, பிரித்த வீட்டுத் தூணைப் புகை படிந்த கட்டை என்று விறகுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தைச் சீவிப் பார்த்தேன்; உள்ளே கருஞ்சிவப்பு. விறகு விலைக்கே வாங்கி வந்தேன். ஆச்சா என்று விற்றவரிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன், அவர் நம்பவில்லை.

ஆகவே, பழைய வீடு பிரிக்கிறவர்களே, தூணை எடைக்குப் போடுமுன் ஓரம் சீவுங்கள். சின்னத் துண்டைத் தண்ணீரில் போடுங்கள். கருஞ்சிவப்பாக இருந்து மூழ்கவும் செய்தால் விறகுக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, நாதஸ்வரம் கடைகிறவரை வரச் சொல்லுங்கள்.