விண்ணிலும் ஒரு முஸாபிர்



கொட்பே துறையிலிருந்து நெடுநாள் படகில் ஆழ்கடல் செல்லும் சகோதரர் ஒருவர், ஜும்ஆத் தொழுகையின் பின்னர் என்னிடம் வந்தார். ரமழானில் கடலில் நோன்போடு இருந்த அவர், உச்சி வெயிலில் வலை இழுக்கையில் கண் இருண்டு படகின் விளிம்பில் சாய்ந்துவிட்டார். உடனிருந்தோர் பிடித்திராவிட்டால் கடலில் வீழ்ந்திருப்பார். தண்ணீர் அருந்தி நோன்பை விட்டார். "நான் பாவியாகிவிட்டேனா, மௌலவி?" என்று கேட்டபோது அவரது குரல் தழுதழுத்தது. அவருக்கு நான் கூறியதையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன். அதற்காகக் கடலை விட்டு நானூறு கிலோமீற்றர் மேலே செல்ல வேண்டியிருக்கிறது.

ஐக்கிய அரபு இராச்சியத்தைச் சேர்ந்த சுல்தான் அல் நெயாதி, 2023 மார்ச் 2 ஆம் திகதி புளோரிடாவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அவ்வாண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதியே பூமிக்குத் திரும்பினார். நீண்டகாலப் பணிக்காக அங்கு தங்கிய முதலாவது அரபு வீரர் அவரே. ரமழானும் இரு பெருநாட்களும் அவரது பணிக்காலத்திலேயே வந்தன.

அந்நிலையம் சுமார் தொண்ணூறு நிமிடங்களில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. ஆகவே, நமது ஒரு நாளில் அங்கு பதினாறு முறை சூரியன் உதிக்கிறது. பதினாறு முறை மறைகிறது. சூரியனைப் பார்த்து நோன்பு நோற்றால் ஒரு மணிநேரம் கழியுமுன்னரே இஃப்தார் வந்துவிடும்! தொழுகையோ நாளொன்றுக்கு எண்பது வேளையாகும்.

இக்கேள்வி உலமாக்களுக்குப் புதிதன்று. 2007 ஒக்டோபரில் மலேசியாவின் எலும்பு மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுக்கூர், ரமழானின் இறுதி நாட்களில் அந்நிலையத்துக்குச் சென்றபோது, அந்நாட்டு உலமாக்கள் கூடி ஆராய்ந்து வழிகாட்டியொன்றை வெளியிட்டனர். இருபத்து நான்கு மணிநேரத்துக்கு ஐவேளைத் தொழுகையே. நேரத்தை விண்கலம் புறப்பட்ட இடத்தைக் கொண்டு கணிக்கலாம். கிப்லாவாக இயன்றால் கஃபாவை, இன்றேல் கஃபாவுக்கு நேர் மேலுள்ள திசையை, அதுவும் இயலாவிடில் பூமியை, எதுவும் இயலாவிடில் எத்திசையையும் முன்னோக்கலாம். நிற்க முடியாதவர் இயன்ற நிலையில் தொழலாம்.

சிலர் இதனைப் புதுமை என்பர். ஆனால், ஒரு நாள் ஒரு வருடம்போல் நீளும் காலத்தில் தொழுவது எப்படி என்று ஸஹாபாக்கள் வினவியபோது, நேரத்தை மதிப்பிட்டுத் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. விடைக்கான அடித்தளம் அன்றே இடப்பட்டுவிட்டது.

இனி நோன்புக்கு வருவோம். அல் நெயாதி புறப்படுமுன் செய்தியாளர்களிடம் பேசியபோது, தாம் முஸாபிர் என்றும், எனவே நோன்பு தம்மீது கட்டாயமில்லை என்றும் கூறினார். பணிக்கோ உடனிருப்போருக்கோ ஆபத்து ஏற்படுமாயின் போதிய உணவு உண்ண அனுமதியுண்டு என்பதையும் எடுத்துரைத்தார். ஆறு மாதம் ஒரே இடத்தில் தங்கியவர் எவ்வாறு பயணியாவார் என்று நேயர்களில் யாரேனும் கேட்கலாம். அவ்விடமோ மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது!

எடையற்ற நிலையில் தசைகள் மெலியும், எலும்புகள் தேயும். அதனைத் தடுக்க வீரர்கள் நாள்தோறும் இரண்டு மணிநேரம் உடற்பயிற்சி செய்கின்றனர். பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில், ஏப்ரல் 28 ஆம் திகதி, அவர் நிலையத்துக்கு வெளியே சென்று சுமார் ஏழு மணிநேரம் பணியாற்றினார். இத்தகைய வேலையில் ஒருவர் சோர்ந்தால் ஆபத்து அவர் ஒருவருக்கு மட்டுமன்று.

நெடுநாள் படகிலும் அவ்வாறே அல்லவா? பயணத்தில் சிரமமின்றி இயலுமாயின் நோற்பதே சிறந்தது. தீங்கு நேருமென அஞ்சினால் விடுவதே சிறந்தது என்பது எமது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. உயிருக்கே ஆபத்தெனில் விடுவது கடமையாகிவிடும். ஆகவே, அச்சகோதரர் பாவம் செய்யவில்லை. விடுபட்டதை வேறு நாட்களில் கழாச் செய்வதே அவர்மீதுள்ள பொறுப்பு. இதை நான் கூறியதும் அவர் நீண்ட நேரம் மௌனமாக நின்றார்.

பின்னர், அந்நிலையத்தைக் கடலிலிருந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும். சில நாட்களில் மஃரிபுக்குப் பின்னரோ சுபஹுக்கு முன்னரோ, மின்னாத வெண்ணொளியாக அது நம் வானைச் சில நிமிடங்களில் கடந்து செல்லும். தாம் அதைக் கண்டிருப்பதாகவும் விமானமென்றே எண்ணியிருந்ததாகவும் கூறினார். அப்பயணத்தில் விடுபட்டவை ஆறு நோன்புகளாம். கரையிலிருக்கும் நாட்களில் இதுவரை நான்கை நோற்றுவிட்டார்.